மரில்லியனின் கதை 1988-ல் முடியவில்லை

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் மரில்லியன் என்ற புரோகிரசிவ் ராக் இசைக்குழுவின் வரலாறு பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நீண்ட, சிக்கலான பாடல்களைக் கொண்ட இந்த ராக் இசை வகை பற்றித் தமிழில் யாராவது நாலு பக்கம் எழுத மாட்டார்களா என்று ஏங்கிக் கிடந்தவன் நான். அதனால் முதலில் நன்றி. இங்கிலாந்தின் எய்ல்ஸ்பரியில் 1979-ல் குழு தொடங்கியது, 1981-ல் பாடகர் ஃபிஷ் வந்து சேர்ந்தது, 1985-ல் ‘மிஸ்ப்ளேஸ்டு சைல்ட்ஹுட்’ ஆல்பம் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது எல்லாவற்றையும் கட்டுரையாளர் ஆசையாக எழுதியிருக்கிறார். ஆனால் 1988-ல் ஃபிஷ் விலகியதும் கட்டுரையும் முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் நடந்ததற்கு இரண்டே வரி. மனசு கேட்காமல்தான் இந்தக் கடிதம்.

ஃபிஷ்ஷின் குரலில் மயங்கியவர்களில் நானும் ஒருவன். ‘கேலீ’ பாட்டு இருந்த ஒலிநாடாவைத் தேயத் தேயக் கேட்டிருக்கிறேன். அந்த ஆளுயரக் குரல் போனதும் குழு அவ்வளவுதான் என்று அப்போது பலரும் நினைத்தது உண்மை. அந்த இடத்துக்கு வந்தவர் ஸ்டீவ் ஹோகார்த். முந்தைய குழுக்கள் கைகொடுக்காமல், இசையை விட்டுவிட்டு வீடு வீடாகப் பால் போடும் வேலைக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர். மரில்லியனைப் பார்க்க வந்தபோது அவர் கையில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வாளி. அது நிறைய ஒலிநாடாக்கள், பாதி எழுதிய பாடல்கள். ‘ஈஸ்டர்’ பாட்டின் விதை அந்த வாளியிலிருந்து வந்ததுதான். 1989-ல் வெளிவந்த ‘சீசன்ஸ் எண்ட்’ ஆல்பத்தைக் கட்டுரையாளர் இன்னொரு முறை பொறுமையாகக் கேட்கவேண்டும் என்பது என் வேண்டுகோள். ‘ஈஸ்டர்’ பாட்டின் நடுவில் ஸ்டீவ் ராத்தரியின் கிட்டார் மேலே எழும் இடம் ஒன்று போதும்.

கட்டுரையில் அறவே விடுபட்டது 1997. என்னைக் கேட்டால் இந்தக் குழுவின் வரலாற்றில் அதைவிடப் பெரிய வருடம் இல்லை. 1995-லேயே குழுவின் ஆல்பங்களை வெளியிட்டுவந்த ஈ.எம்.ஐ. நிறுவனத்துடனான உறவு முறிந்திருந்தது. அமெரிக்காவில் கச்சேரி செய்தால் கைநட்டம் வரும், அதனால் வர முடியாது என்று கீபோர்டு கலைஞர் மார்க் கெல்லி இணையத்தில் ரசிகர்களுக்கு எழுதினார். சரி, எவ்வளவு பணம் வேண்டும் என்று ரசிகர்கள் கேட்டார்கள். தாங்களே வங்கிக் கணக்கு தொடங்கி, ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டு, சுமார் 60,000 டாலர் திரட்டிவிட்டார்கள். குழு அமெரிக்கா போனது. இதில் என்னை நெகிழவைத்தது என்ன தெரியுமா? பணம் கொடுத்தவர்கள் கச்சேரிக்கு டிக்கெட்டும் தனியாகக் காசு கொடுத்து வாங்கினார்கள்.

நம் ஊர்க் கோயில் திருவிழாவுக்கு வரி போடுவது போல என்று சொல்லலாம். ஆனால் 1997-ல் இணையத்தில் முகம் தெரியாதவர்களை நம்பிப் பணம் போடும் பழக்கம் ஏது? இப்படிப் பலரிடம் பணம் திரட்ட உதவும் கிக்ஸ்டார்ட்டர் இணையதளம் வந்ததே 2009-ல்தான். அந்த 1997 அனுபவத்திலிருந்து குழுவும் பாடம் கற்றுக்கொண்டது. 2001-ல் ‘அனோரக்னோஃபோபியா’ ஆல்பத்தை ஒரு சுரம் பதிவாவதற்கு முன்பே 12,000-க்கும் மேற்பட்டவர்கள் காசு கட்டி வாங்கினார்கள். அந்தப் பணத்தில்தான் ஆல்பமே உருவானது.

2004-ல் வந்த ‘மார்பிள்ஸ்’ ஆல்பத்தின் சிறப்புப் பதிப்பு ஒன்றை நண்பர் வீட்டில் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். கெட்டி அட்டைப் புத்தகம். பின்பக்கங்களில், முன்கூட்டியே பணம் கட்டியவர்களின் பெயர்கள் பொடி எழுத்தில் வரிசை வரிசையாக ஓடுகின்றன. நண்பர் தன் விரலைப் பக்கத்தில் வைத்து இறக்கிக்கொண்டே வந்து ஒரு பெயரில் நிறுத்தினார். அவருடைய பெயர். அதற்கப்புறம் இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை, பாட்டை மட்டும் கேட்டோம். அந்த ஆல்பத்தின் ‘யூ ஆர் கான்’ பாட்டு பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 7-ஆம் இடத்துக்கு வந்தது. பெரிய நிறுவனம் கைவிட்டு ஒன்பது வருடம் ஆன குழு அது.

2002 முதல் நடக்கும் வார இறுதிக் கூடுகைகளும் கட்டுரையில் இல்லை. ஒரு விடுமுறை முகாமையே மொத்தமாகப் பிடித்து, பல நாடுகளிலிருந்து வரும் ரசிகர்களோடு மூன்று இரவுகள் கச்சேரி. ஒவ்வொரு இரவும் வேறு பாடல்கள், சில நேரம் ஒரு முழு ஆல்பம் வரிசை மாறாமல்.

இன்னொன்று. ஹோகார்த், ராத்தரி, கெல்லி, பேஸ் கிட்டார் வாசிக்கும் பீட் ட்ரெவாவஸ், டிரம்ஸ் வாசிக்கும் இயன் மோஸ்லி ஆகிய ஐந்து பேரும் 1989-லிருந்து மாறவே இல்லை. ஆள் மாறாத புரோகிரசிவ் ராக் குழுவைத் தேடிப் பிடிப்பதே கஷ்டம். இதே ஐவரின் 2022 ஆல்பம் பிரிட்டனில் 2-ஆம் இடம் வரை போனது. ஃபிஷ் இருந்தது ஏழு வருடம். ஹோகார்த் முப்பது வருடங்களைத் தாண்டிவிட்டார். அவரைப் புதிய பாடகர் என்று தயவுசெய்து இனி யாரும் எழுதாதீர்கள். அவர்தான் மரில்லியனின் பாடகர்.

கட்டுரையின் இரண்டாம் பகுதியை அதே கட்டுரையாளரையே எழுதச் சொல்லுங்கள். அவருக்கு நல்ல காது இருக்கிறது, எழுத்தும் நன்றாக வருகிறது. பக்கம் போதாது என்றால் 1997-ஐ மட்டுமாவது விரிவாக எழுதட்டும். காத்திருப்பேன்.

அன்புடன்,
நெடுநாள் வாசகன்
திருச்சி