செயலாளர் ஆண்டறிக்கை, 2025–26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஓய்வுபெற்ற ரயில் ஓடும் தொழிலாளர் (ஓட்டுநர், கார்டு) சங்க உறுப்பினர்களே, வணக்கம்.

பொங்கல் விழா, கண் பரிசோதனை முகாம், ஓய்வூதியர் குறைதீர் முகாம் வழக்கம்போல் நடந்தன. மறைந்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தினோம்.

இவ்வாண்டின் முக்கியப் பணி, கூட்ஸ் வண்டிகளின் நீளத்துக்கு வரம்பு கேட்டு ரயில்வேக்கு அளித்த மனு. 2022 ஆகஸ்ட் 15இல் ‘சூப்பர் வாசுகி’ 295 வேகன்களுடன் 3.5 கி.மீ. நீளத்தில் ஓடியது. 2025 ஆகஸ்டில் ‘ருத்ராஸ்திரா’ 354 வேகன்கள், 4.5 கி.மீ. சரக்கு விரைந்து போவதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் வேறு வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கும் லூப் லைன்கள் பெரும்பாலும் 700 மீட்டர் அளவுதான். இரண்டு ரேக், அதாவது இரண்டு முழு கூட்ஸ் வண்டிகளைக் கோத்த 1,400 மீட்டர் வண்டி அதில் அடங்காது. சிக்னலில் நின்றால் வால்பகுதி லெவல் கிராஸிங்கை மறித்துக் கிடக்கும். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தாலே கேட்டைக் கடக்க ஐந்தரை நிமிடம். நின்றுவிட்டால் ஆம்புலன்ஸும் நிற்கும், அவசரக்காரர்கள் வேகனுக்கடியில் புகுவார்கள். எஞ்சினின் இழுப்பு வேகன்களை இணைக்கும் ஒவ்வொரு கப்ளிங்காக நடு வேகனை எட்டச் சில நொடிகள் ஆகும். அசைவு தெரிந்தபின் வெளியேற நேரம் இராது.

வண்டியைப் பிரித்து வழிவிடலாமே என்பார்கள். பின்பகுதியில் ஹேண்ட் பிரேக்குகளை முறுக்கி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பிரேக் காற்றுக் குழாயின் முனை வால்வான ஆங்கிள் காக்கை இருபுறமும் மூடி, காற்று ஹோஸைக் கழற்றியபின், பின்பகுதிக் காக்கைத் திறந்து காற்றை வெளியேற்ற வேண்டும். மூடியபடியே விட்டால் அடைபட்ட காற்று பிரேக்கைத் தளர்த்திவிடலாம். சரிவில் வண்டி உருளும். மறுபடி கோத்தபின் பிரேக் பைப்பில் 5 கிலோ அழுத்தம் ஏற்றி, கடைசி வேகன்வரை பிரேக் பிடிக்கிறதா, பின் தளர்கிறதா என்று பார்க்க வேண்டும். நீளம் கூடக்கூட நேரமும் கூடும்.

எனவே, வழியிலுள்ள மிகச் சிறிய லூப்பைவிட நீளமான வண்டியை, இடைநில்லாப் பாதை உறுதியானபின்பே புறப்படவிட வேண்டும். முன், நடு எஞ்சின்கள் ஒருசேரப் பிரேக் பிடிக்கும் கம்பியில்லாக் கட்டுப்பாடு இன்றி ஓட்டக்கூடாது என்று கேட்டோம். ஒப்புகை வந்தது, பதில் வரவில்லை. கேட்டுகள் அடைபடும் நேரத்தைக் குறித்துத் தருமாறு அனைவரையும் கேட்டேன். தந்தவர்கள் மிகச் சிலரே. ‘ஓய்வுபெற்ற பிறகு நமக்கென்ன’ என்ற பேச்சு வருத்தம் தந்தது. இந்த விவரம் நமக்குத் தெரிந்த அளவு வெளியில் யாருக்குத் தெரியும்?

பாதிக்கு மேற்பட்டோர் சந்தா பாக்கி. வரவும் செலவும் ஏறக்குறைய ஈடாக உள்ளன. விவரம் பொருளாளரிடம் உண்டு. மண்டபம் தந்தவர்களுக்கும் தணிக்கையாளருக்கும் நன்றி.

நினைவூட்டு மனுவுக்கு அடைப்பு நேரக் குறிப்புகளும் பயணச் செலவுக்குப் பணமும் தேவை. இரண்டும் இல்லாமல் இப்பொறுப்பில் நீடிப்பது கடினம். கேட்டருகே குடியிருக்கும் நான்கு பேர் முன்வந்தால் போதும். குறிப்பேடும் சந்தா ரசீதுப் புத்தகமும் சங்க அலுவலகத்தில் மாலை 5 முதல் 7 வரை இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்