முப்பது மெஷின் போடும் முன்

மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. தக்கலைப் பக்கம் ஷெட் பிடித்து, முப்பது மெஷினில் நைட்டியும் பள்ளிச் சீருடையும் தைக்கப்போகிறாய் என்று படித்ததும் ரொம்ப சந்தோஷம். இங்கே ஆரல்வாய்மொழியில் காற்று தொடங்கிவிட்டது, சன்னல் கதவெல்லாம் அடித்துக்கொண்டு கிடக்கிறது.

வேலைக்கு வருகிற பெண்கள் மூன்று மாதத்தில் நின்றுவிடுகிறார்களே, கூலி போதாமலா என்று கேட்டிருந்தாய். கூலியும்தான். ஆனால் நீ முதலில் பார்க்க வேண்டியது கழிப்பறையை. மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட் வைத்துவிட்டால், எழுந்து போனவள் திரும்புவதற்குள் பண்டில், அதாவது தைக்க வேண்டிய துணிக்கட்டு, குவிந்துவிடும். அதற்குப் பயந்து காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். நீர்க்கடுப்பு, தொற்று, தலைவலி, அடிக்கடி லீவு, பிறகு ஒரேயடியாக நின்றுவிடுவது. நாமோ 'நிலையாக வேலை பார்க்க மாட்டார்கள்' என்று பழியை அவர்கள் மேல் போட்டுவிடுகிறோம். 25 பெண்களுக்கு ஒரு கழிப்பறை என்பது பழைய தொழிற்சாலை விதிக் கணக்கு. நீ மூன்றாகக் கட்டு. உள்தாழ்ப்பாள், குழாயில் தண்ணீர், மூடி போட்ட குப்பைத்தொட்டி வேண்டும். போக டோக்கன், நோட்டில் கையெழுத்து எதுவும் வேண்டாம். எல்லா மெஷினும் தைக்கத் தெரிந்த ஒருவரை எந்த மெஷினிலும் உட்காராமல் வைத்துக்கொள். எழுந்து போகிறவர் இடத்தில் அவர் பத்து நிமிடம் தைத்தால் பண்டில் தேங்காது. அந்த ஒரு சம்பளம் வீண் செலவே இல்லை.

அடுத்து நாற்காலி. மரஸ்டூல் வாங்கிவிடாதே. முதுகைத் தாங்கும் சாய்வும், ஏற்றி இறக்கும் வசதியும் இருக்க வேண்டும். முழங்கை மேசை மட்டத்துக்கு வரணும், பெடலை மிதிக்கக் காலை நீட்ட வேண்டியிருக்கக் கூடாது. கருங்கல், புதுக்கடைப் பக்கமிருந்து வருகிறவர்களில் அண்டியாபீசில் (முந்திரி ஆலையில்) குந்தியிருந்தே வருடங்களைக் கழித்தவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு முதுகுவலி புதிதில்லை. பழைய கிளட்ச் மோட்டார் விலை குறைவுதான். ஆனால் தைக்காத நேரத்திலும் அது சுற்றிக்கொண்டே இருக்கும். இரைச்சலும் சூடும் ஷெட் முழுக்க நிற்கும். சர்வோ மோட்டார் பெடலை மிதித்தால்தான் ஓடும், கரண்டும் மிச்சம்.

ஊசி விரலில் ஏறுவதுதான் அடிக்கடி நடக்கிற விபத்து. நூல் கோர்க்க இடைஞ்சல் என்று ஊசிக்கு முன்னால் இருக்கும் விரல் காப்பைக் கழற்றி வைப்பதாலும் அது வருகிறது. ஏறிவிட்டால் கையை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. சுவிட்சை அணைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றி ஊசியை மேலே தூக்க வேண்டும். உடைந்த துண்டுகளை அட்டையில் ஒட்டிச் சேர்த்துப் பார். ஒரு துண்டு குறைந்தாலும் விரலுக்கு எக்ஸ்ரே எடுக்கணும், டி.டி. என்கிற டெட்டனஸ் தடுப்பூசியும் போடணும். அந்தத் துண்டு துணியில் தங்கினால் சீருடை போடுகிற பிள்ளையைக் குத்தும். துணி ஓரத்தை வெட்டித் தைக்கும் ஓவர்லாக் மெஷினைக் கண்ணாடித் தடுப்பு இல்லாமல் ஓட்ட விடாதே. கட்டிங் மாஸ்டரின் இடது கைக்குக் கம்பிவலைக் கையுறை வாங்கு. வேகம் குறைகிறது என்பார், விட்டுக்கொடுக்காதே.

மெஷினில் சேரும் பஞ்சைக் காற்றடித்து ஊதினால் அது பக்கத்தில் இருப்பவரின் நெஞ்சுக்குள் போகும். உறிஞ்சும் வேக்குவம் போடு.

தீ பற்றி ஒன்றே ஒன்று. 2012 நவம்பரில் டாக்கா அருகே தஸ்ரீன் ஆலையில் 110 பேருக்கு மேல் இறந்தார்கள். துணியும் நூலும் அடுக்கியிருந்த தரைத்தளத்தில் தீ பிடித்தது. மாடிப்படிகள் வந்து இறங்கியதும் அங்கேதான். உன் ஷெட்டுக்கு எதிரெதிராக இரண்டு வாசல் வை. கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும், வேலை நேரத்தில் பூட்டு தொங்கக் கூடாது. அவசர ஆர்டர் வரும் நாளில்தான் நடைபாதையில் பண்டில் ஏறும். அன்றைக்குத்தான் நீ கண்டிப்பாக இருக்கணும்.

ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி என்பது சட்டம். அதைவிட, ஓ.டி. உண்டா என்பதை மதியத்துக்குள் சொல்லிவிடு. திங்கள்நகர் பஸ்ஸை விட்டவள் இருட்டில் வீடு போய்ச் சேர்ந்து, சோறு பொங்கி, பிள்ளையைப் படிக்க வைத்து, மறுநாள் எட்டரைக்கு எப்படி சிரித்த முகத்தோடு வருவாள்?

ஷெட்டின் நீள அகலத்தைத் தாளில் வரைந்து அனுப்பு. ஒயரிங் தொடங்கும் முன் கழிப்பறையும் இரண்டாவது வாசலும் எங்கே வரும் என்று குறித்துவிடலாம். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி