ஞாயிறு கூட்டம்: விசிட்டிங் கார்டு மட்டும் போதாது

நம் தொழில் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு வழக்கமான இடத்தில் கூடுகிறோம். இந்த முறை கார்டு மாற்றிக்கொள்வதோடு நிறுத்த வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

திருப்பூரைப் பாருங்கள். ஒரு பனியன் நிட்டிங், சாயம், காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காமல் இருக்கச் செய்வது), பிரிண்டிங், தையல், செக்கிங் என்று பல பட்டறைகள் கைமாறித்தான் பெட்டிக்குள் போகிறது. பெரும்பாலும் ஜாப் ஒர்க், அதாவது இன்னொருவருக்காகக் கூலிக்குச் செய்து கொடுக்கும் வேலை. தொழிலே அங்கே தொடர்புகளின் மேல்தான் நிற்கிறது. 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது ஊரே ஆடிப்போனது. மீண்டும் திறக்க, கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாத ஏற்பாடு வேண்டும். சிறிய பட்டறைக்குத் தனியாக அது கட்டுப்படியாகாது. போட்டியாளர்களே பங்குதாரர்களாக இருந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள்தான் கைகொடுத்தன. அவற்றை மேம்படுத்தி, தண்ணீரையும் உப்பையும் மீட்டு, திரும்பச் சாயம் போடவே பயன்படுத்தினார்கள். பக்கத்துப் பட்டறைக்காரரோடு சேர்ந்து செலவு செய்யும் அந்தத் துணிச்சலைத்தான் நான் புதுமை என்பேன். மெஷினை யாரும் காசு கொடுத்து வாங்கிவிடலாம்.

சரி, நாம் என்ன செய்யலாம்? உங்களிடம் சும்மா கிடக்கும் ஒன்றையும் (மெஷின் நேரம், குடோன் இடம், பாதி காலியாகத் திரும்பும் வண்டி, எதுவானாலும்) உங்களுக்கு உடனே தேவைப்படும் ஒன்றையும் எழுதி எடுத்து வாருங்கள். ஒரே தொழிலில் இருப்பவர்கள் தயங்காமல் அருகருகே உட்காருங்கள். அப்புறம், கழிவு, வேஸ்ட் என்று தள்ளுவதையும் சொல்லுங்கள், இன்னொருவருக்கு அது மூலப்பொருளாக இருக்கலாம்.

வர முடியாதவர்கள் சனி மாலைக்குள் குழுவிலேயே எழுதிவிடுங்கள், அங்கே வாசித்துவிடுகிறேன்.