நாட்டுத் துப்பாக்கி பறிமுதல் குழு மறுபடி மலை ஏறும் முன் கவனிக்க வேண்டி: மூன்றாவது கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஜவ்வாது மலைக் காட்டோரக் கிராமத்துப் பெண் விவசாயி
(பெயரும் கதவு எண்ணும் முந்தைய இரண்டு மனுக்களில் உள்ளபடி)

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்

பொருள்: உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய அமைத்த கூட்டுக் குழுவால் பயன் இல்லாதது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தை மாதம் ஒன்று, ஆனியில் ஒன்று என இரண்டு மனுக்களைத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் தங்கள் கையிலேயே கொடுத்தேன். ஒப்புகைச் சீட்டு இருக்கிறது. ‘உரிய துறைக்கு அனுப்பப்பட்டது’ என்று செல்போனுக்குச் செய்தியும் வந்தது. எது அந்த உரிய துறை என்பதுதான் இன்றுவரை தெரியவில்லை. காவல் துறையில் கேட்டால் வனத்துறை என்கிறார்கள். வனத்துறையில் கேட்டால் தாசில்தார் என்கிறார்கள். தாசில்தார் ஆபீசில், “அதுக்குத்தானேம்மா கூட்டுக் குழு போட்டிருக்கு” என்கிறார்கள். அந்தக் குழுவைப் பற்றித்தான் இந்த மனு.

எங்கள் ஊர் தங்களுக்குத் தெரியும். தார்ச் சாலை முடிந்து ஓடையைத் தாண்டினால் பலா மரங்கள், அதற்கு மேலே சாமைக் காடு. போன முறை ஜீப்பை ஓடைக்கு அந்தப் பக்கமே விட்டுவிட்டு நடந்துதான் வந்தீர்கள்.

1. குழு வந்த கதை. கள்ளத் துப்பாக்கியைக் கொண்டுவந்து பொது இடத்தில் வைத்துவிட்டால் வழக்கு கிடையாது என்று மைக்கில் சொன்னார்கள். புளியமரத்தடியில் ஐந்து துப்பாக்கிகள் சேர்ந்தன. நானும் போய்ப் பார்த்தேன். ஒன்றுக்கு விசையே இல்லை. ஒன்றின் கட்டையைக் கரையான் தின்றிருந்தது. இன்னொன்றின் குழாயில் குளவி கூடு கட்டியிருந்தது. அவற்றை வரிசையாக அடுக்கிப் படம் எடுத்துக்கொண்டு, டீ குடித்துவிட்டு, குழு மலை இறங்கியது. அன்று ராத்திரியே மேற்குக் காட்டில் இரண்டு தடவை வெடிச் சத்தம் கேட்டது. குளவி கூடு கட்டின துப்பாக்கி வெடிக்காது ஐயா.

2. என் வீட்டுக்காரர் சாமைக் காட்டுக் காவல் பரணிலிருந்து இறங்கி, குளிருக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு குனிந்து நடந்தபோது பன்றி என்று நினைத்துச் சுட்டுவிட்டார்கள். தொடையில் பால்ரஸ் என்கிற சின்ன இரும்புக் குண்டு நான்கு. டோலி கட்டி ஓடைவரை தூக்கிவந்து, அங்கிருந்துதான் 108 வண்டி. இரண்டு குண்டை எடுத்தார்கள். மற்ற இரண்டும் எலும்பு ஓரத்தில் இருக்கின்றன, எடுத்தால் இன்னும் மோசமாகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எக்ஸ்ரேயை ஜன்னலில் பிடித்தால் சாமை மணியைச் சிந்தினாற்போல் வெள்ளையாகத் தெரியும். இதையெல்லாம் முதல் மனுவிலேயே எழுதிவிட்டேன்.

இப்போது சொல்ல வந்தது வேறு. அவரால் இனிப் பரண் ஏற முடியாது. கதிர் பிடித்த காட்டை ஒரு ராத்திரி விட்டாலும் பன்றி உழுதுவிடும். அதனால் பத்தாவது படிக்கும் என் மகன் காவலுக்குப் போகிறான். இருட்டில் தெரியட்டும் என்று பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைத்தான் போட்டு அனுப்புகிறேன். விடியவிடியச் செல்போனில் பாட்டு வைக்கிறான், பன்றி வெருளுவதற்காக இல்லை, தான் மனுஷன் என்று மற்றவர்களுக்குத் தெரிவதற்காக. சார்ஜ் தீர்ந்தால் தட்டைத் தட்டுகிறான். வீட்டில் படுத்துக்கொண்டு நான் அந்தத் தட்டுச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நடுவில் நின்றால் தூங்கிவிட்டானா, வேறு ஏதாவதா என்று எழுந்து வாசலுக்கு ஓடுகிறேன். காலையில் அதே சட்டையோடு பள்ளிக்கூடம் போய் பெஞ்சில் தூங்குகிறானாம். டீச்சர் திட்டுகிறார்கள். இதை எந்தத் துறைக்கு அனுப்புவீர்கள்?

3. சுட்டவர் யார் என்று ஊருக்கே தெரியும். வழக்கில் ‘அடையாளம் தெரியாத நபர்’. அவரும் தன் காட்டைக் காக்கத்தான் வந்தார், எங்களுக்கு உறவுமுறைதான். அவரைச் சிறையில் போடச் சொல்லி நான் வரவில்லை. அந்தத் துப்பாக்கி இன்னும் அவர் வீட்டுப் பரண்மேல்தான் இருக்கிறது என்பதற்காக வந்தேன்.

4. ஏன் ஒப்படைக்கவில்லை என்று குழுவில் ஒருவராவது கேட்டார்களா? 2025இல் வந்த அரசாணைப்படி, காப்புக் காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையே சுடலாம். 1 முதல் 3 கிலோமீட்டர் வரை என்றால் பிடித்துக் காட்டில் விடலாம். 1 கிலோமீட்டருக்குள் எதுவும் கிடையாது. எங்கள் சாமைக் காடு காப்புக் காட்டிலிருந்து கல்லெறி தூரத்தில் இருக்கிறது. சரி, மானியத்தில் சூரிய மின்வேலி கேட்டால் பட்டா கேட்கிறார்கள். 2006 வன உரிமைச் சட்டத்தில் பட்டாவுக்கு எழுதிக் கொடுத்தது இன்னும் வரவில்லை. அப்புறம் எவன் துப்பாக்கியைக் கொடுப்பான்? பன்றி முட்டியிருந்தால் நிவாரணம் உண்டாம். பன்றி என்று சுட்டால் கிடையாதாம்!

5. தண்ணீர்க் குழாய் எங்கே துப்பாக்கிக் குழலாகிறது, வெடியுப்பும் கந்தகமும் பால்ரஸும் எந்தச் சந்தையிலிருந்து மலை ஏறுகின்றன, விசாரித்தார்களா? இல்லை.

6. தேர்தல் வந்தால் உரிமம் உள்ளவர் துப்பாக்கியை ஸ்டேஷனில் கொண்டுபோய் வைக்கிறார். உரிமம் இல்லாததற்குத் தேர்தலும் கிடையாது, ஸ்டேஷனும் கிடையாது.

குழு அடுத்த மாதம் மறுபடி வருகிறதாம். அதே புளியமரம், அதே மைக் என்றால் தயவுசெய்து வர வேண்டாம் ஐயா. வந்தால் ராத்திரி தங்கட்டும், ஒரே ஒரு ராத்திரி. என் மகனோடு பரணில் உட்காரட்டும். கோபத்தில் அதிகமாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். ஆனால் கேட்பது இதுதான்: கதிர் அறுக்கிறவரையாவது எங்கள் பக்கம் வனக் காவலர் இரவு ரோந்து வர வேண்டும். பட்டாவைக் காரணம் காட்டாமல் மின்வேலி தர வேண்டும். வேலி போட்ட பிறகு துப்பாக்கியைக் கேளுங்கள், நல்ல துப்பாக்கியாகவே கிடைக்கும். முதலில் வேலி ஐயா, தங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(இடது கைப் பெருவிரல் ரேகை, எழுதியது மகன்)

இணைப்பு: எக்ஸ்ரேயின் செல்போன் படம், நகல் 1. அசலைத் தர மாட்டேன். போன மனுவோடு கொடுத்த முதல் எக்ஸ்ரே இன்னும் திரும்பி வரவில்லை.