எங்கள் முதல் ஒலித்தொகுப்புக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

ஆறு பாடல்கள் கொண்ட எங்கள் முதல் ஒலித்தொகுப்பு இந்த வாரம் வெளிவந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் நால்வர் சேர்ந்து ‘டார்க் வேவ்’ இசைக்கப்போகிறோம் என்றபோது, அது என்ன பாட்டு என்று கேட்டவர்களே அதிகம். அப்படிக் கேட்டவர்களே பிறகு எங்களுக்குத் தோள்கொடுத்தார்கள் என்பதால், இம்மடல் முதலில் அவர்களுக்கு உரியது.

1970களின் இறுதியில் இங்கிலாந்தில் பங்க் இசையின் ஆவேசம் தணிந்து, மான்செஸ்டரின் ஜோய் டிவிஷன் போன்ற குழுக்கள் தொடங்கிவைத்த இருண்ட இசை, 1980களில் மின்னணு முறையில் ஒலியெழுப்பும் சிந்தசைசரோடும், தாளமிடும் ட்ரம் மெஷினோடும் கலந்து ஐரோப்பாவெங்கும் பரவியதே ‘டார்க் வேவ்’. அதில் பேஸ் கிற்றாரே பல வேளைகளில் மெட்டைத் தாங்கிச் செல்லும். தாளம் இளகாமல் நடக்கும். குரல் தாழ்ந்து, தொலைவிலிருந்து வருவதுபோல் ஒலிக்கும். செத்தவீட்டு ஒப்பாரியைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அந்தத் துயரம் அந்நியமாகப் படவில்லை.

கனடாவிலிருந்து அத்தான் சுமந்துவந்த பழைய சிந்தசைசரை, அது 120 வோல்ட்டுக்குரியது என்பதைக் கவனியாமல் 230 வோல்ட் மின்சாரத்தில் நேரடியாகச் செருகியது எங்கள் தவறு. கருகிய மணத்தோடு அது அடங்கியபோது, தொகுப்பும் அத்துடன் முடிந்தது என்றே எண்ணினோம். சந்தைக்கருகே றேடியோ திருத்தும் ஐயா, கருகிய ட்ரான்ஸ்போமரைக் கழற்றி, செம்புக் கம்பியைச் சுற்றுச் சுற்றாக எண்ணிப் புதிதாகச் சுற்றி, பத்தாம் நாள் அதற்கு உயிர்கொடுத்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

1990களில் மின்சாரமே இல்லாத நாள்களில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட கதையை எங்களுக்குச் சொன்னவரும் அவரே. கடையின் பின்புறம் கிடந்த அந்தச் சைக்கிளை எடுத்துச் சுற்றிக் காட்டினார். டைனமோவின் சிறு உருளை டயரில் உரசி, வேகத்துக்கேற்ப ஏறியும் இறங்கியும் முனகிய அந்த ஒலியை அங்கேயே பதிவுசெய்தோம். மூன்றாவது பாடலின் தொடக்கத்தில் நீங்கள் கேட்பது அதுதான். அந்தப் பாடலில் எங்களுக்கு மிகப் பிடித்த இடமும் அதுவே.

ஒலிப்பதிவு முழுவதும் எங்களைத் துரத்திய, மின்சாரத்திலிருந்து வரும் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல், பேஸ் கிற்றாரின் தாழ்ந்த ‘ஜி’ சுரத்துக்கு, அதாவது 49 ஹேர்ட்ஸுக்கு, மிக அருகில் இருந்ததால், அதை வடிகட்ட முயன்றபோதெல்லாம் சுரமும் சேர்ந்தே மெலிந்தது. வயரிங் வேலை செய்யும் தம்பி ஒருவர் வீட்டுக்கு வந்து, பழுதடைந்திருந்த எர்த் இணைப்பைச் சீராக்கித் தந்த அன்று மாலைதான், எங்கள் பேஸ் உண்மையில் எப்படி ஒலிக்கும் என்பதை அறிந்தோம்.

பக்கத்து வீட்டு அன்ரி, நாங்கள் பாடும் வேளைகளில் தண்ணீர் மோட்டரைப் போடாமல், கிணற்றில் வாளியால் அள்ளிச் சமாளித்தார். பஞ்சு மெத்தைகளையும் சேலைகளையும் சுவரெங்கும் தொங்கவிட அறை தந்த பெரியம்மா, பாடல் வரிகளைக் கேட்டு, வாயில் சரியாக அமராத சொற்களைத் தயங்காமல் திருத்தினார். ஐந்தாவது பாடலின் இறுதி அடி முழுக்க அவருடையது. தம் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

பயணச் செலவுக்கும் ஒலிக்கோர்ப்புக்கும் உதவிய நண்பர்களுக்கும் உளமார்ந்த நன்றி.

கொஞ்சப் பிரதிகளை ஒலிநாடாவாகவும் எடுத்திருக்கிறோம். முதற் பிரதியை நேற்று றேடியோக் கடை ஐயாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். திருத்தவந்திருந்த ஒரு ரேப் றெக்கோடரில் அதைப் போட்டு, மூன்றாவது பாடல் வந்ததும் பற்றவைப்புக் கோலைக் கீழே வைத்துவிட்டு, அது முடியும்வரை அசையாமல் இருந்து கேட்டார்.

நன்றியுடன்,
குழுவினர் நால்வரும்
யாழ்ப்பாணம்