லொக் நிற்காத மடக்குக் கத்திகள்: ஒரு முறைப்பாடு

குருநகர்,
யாழ்ப்பாணம்.
2025 ஒக்டோபர் 14

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கொழும்பு.

ஐயா / அம்மணி,

விடயம்: ஓகஸ்ட் 9 இல் வாங்கிய ஆறு லைனர் லொக் மடக்குக் கத்திகளும், அவற்றுக்கு நீங்கள் மறுத்த உத்தரவாதமும்

உங்கள் யாழ்ப்பாண விற்பனையாளரிடம் ஒன்று 3,450 ரூபா வீதம் ஆறு கத்திகள் வாங்கினோம். பற்றுச்சீட்டின் பிரதி, பெட்டியின் படம் இரண்டையும் இணைத்திருக்கிறோம். செப்டெம்பர் கடைசியில் பழுதுகளைத் தெரிவித்தபோது உங்கள் பிரிவிலிருந்து வந்த பதில் இரண்டே வரி. கடற்கரைப் பாவனையாலும் பராமரிப்புக் குறைவாலும் வந்த பழுதுக்கு உத்தரவாதம் கிடையாது என்பது ஒன்று. இந்த விலைக்கு இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது என்பது மற்றது. இரண்டையும் நாங்கள் ஏற்கவில்லை. கத்தி, கத்தரிக்கோல், அரிவாள் தீட்டித் திருத்துவது எங்கள் பட்டறையின் தொழில். எது பாவித்தவரின் பிழை, எது செய்தவரின் பிழை என்று கத்தியைக் கையில் எடுத்துப் பார்த்தே பிரிக்கலாம். கத்திகளுக்கு 1 முதல் 6 வரை இலக்கமிட்டிருக்கிறோம். கீழே அந்த இலக்கங்களாலேயே குறிப்பிடுகிறோம்.

முதலில் லொக். மற்றப் பழுதுகள் பணத்தோடு போகும், இது விரலோடு போகும்.

லைனர் லொக்கில், பிடிக்குள் இருக்கும் தகட்டின் ஒரு பகுதி வில்லாக வளைந்து நிற்கும். அலகு முழுதாகத் திறந்ததும் அது அலகின் அடிக்குப் பின்னால் போய் முட்டுக்கொடுக்கும். அந்த அடிப்பகுதி நேராக வெட்டப்பட்டிருக்கக்கூடாது. ஏழு, எட்டுப் பாகை சரிவு வேண்டும். தகட்டை ஆப்புப்போல இறுக்குவது அந்தச் சரிவுதான். சரிவு கூடினால் அழுத்தம் வரும்போது தகடு வழுக்கி வெளியே வரும். குறைந்தால் தகடு ஒட்டிப்பிடித்து, மூடுவதற்குப் பெருவிரலால் மல்லுக்கட்ட வேண்டிவரும். புதுக் கத்தி ஒன்றில் தகடு அலகடியின் அகலத்தில் கால்வாசிக்கும் அரைவாசிக்கும் இடையில் நிற்பது நல்லது. பாவிக்கப் பாவிக்க அது இன்னும் உள்ளே நகரும், அதற்கும் இடம் இருக்கவேண்டும்.

உங்கள் அலகின் தடிப்பு 3 மில்லிமீற்றர். கால்வாசி என்றாலே முக்கால் மில்லிமீற்றர் வருகிறது. 1, 3, 4 ஆம் கத்திகளில் தகட்டின் ஓரம் அரை மில்லிமீற்றர்கூட உள்ளே போகவில்லை. பெட்டியில் 1.2 மில்லிமீற்றர் என்று அச்சிட்ட தகடு, தடிப்பை நுணுக்கமாக அளக்கும் வேணியர் இடுக்கியில் 0.9 காட்டுகிறது. பிடியைத் தளர்வாகப் பிடித்து, அலகு மூடும் பாதையில் விரல் ஒன்றும் இல்லாமல், அலகின் முதுகை நான்காக மடித்த சாக்கின்மேல் மெதுவாகத் தட்டிப் பார்த்தோம். கல்லிலோ மேசை விளிம்பிலோ அடிக்கவில்லை, அப்படி அடித்தால் நல்ல லொக்கும் கெட்டுப்போகும். 3 ஆம் கத்தி இரண்டாம் தட்டிலும் 4 ஆம் கத்தி முதல் தட்டிலும் மூடிக்கொண்டன. இந்த இரண்டின் அலகிலோ லொக்கிலோ கறள் ஒரு பொட்டுக்கூட இல்லை. இதற்கும் கடற்கரைக்கும் என்ன தொடர்பு?

பராமரிப்பு என்று நீங்கள் சொல்வதால் உங்கள் துண்டுப்பிரசுரத்தையே எடுத்துப் பார்த்தோம். ‘அசையும் பாகங்கள் அனைத்துக்கும் தாராளமாக எண்ணெய் இடவும்’ என்று ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் அச்சாகியிருக்கிறது. தமிழில் ஒரு வரியும் இல்லை. லைனர் லொக் கத்திக்கு இது ஆபத்தான ஆலோசனை. தகடும் அலகடியும் சந்திக்கும் முகத்தில் எண்ணெய் பட்டால் உராய்வு குறைந்து, சரியாகச் செய்த லொக்கும் வழுக்கப் பார்க்கும். எண்ணெய் போகவேண்டிய இடம் அச்சாணி மட்டும்தான், பக்கத்துக்கு ஒரு துளி. மற்ற உருக்குப் பாகங்களுக்கு எண்ணெய் தொட்ட துணியால் ஒரு தடவல் போதும். லொக் முகத்தை உலர்ந்த துணியால் துடைத்தே வைக்கவேண்டும். உங்கள் பிரசுரத்தை ஒருவர் எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றினால் அவருடைய கத்தி இன்னும் மோசமாகும். நாங்கள் சோதிக்குமுன் எல்லா லொக் முகங்களையும் மண்ணெண்ணெய் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாக உலரவிட்ட பிறகே தட்டினோம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதை இவ்வளவு விரித்து எழுதக் காரணம் இருக்கிறது. எங்கள் ஆட்கள் பழகியது வில்லுக்கத்தி. முதுகிலுள்ள வில்லின் இழுவையில் நிற்கும் அந்தக் கத்திக்கு லொக் கிடையாது. அது மூடும் என்று எல்லாருக்கும் தெரியும், தெரிந்தே பிடிப்பார்கள்; குத்தித் துளைக்கமாட்டார்கள், முதுகில் பாரம் கொடுக்கமாட்டார்கள். பெட்டியில் ‘லொக்’ என்று எழுதியதும் கைப்பழக்கம் மாறிவிடுகிறது. ஈரக்கையோடு நைலோன் கயிற்று முடிச்சுக்குள் முனையை விட்டுத் திருப்புவார்கள். காய்ந்த பனங்கிழங்கைக் கிழிக்கும்போது சிக்கிய அலகை ஆட்டி இழுப்பார்கள். நம்பிக் கைவைத்த இடத்தில் லொக் விட்டால், லொக்கே இல்லாத கத்தியைவிட அது பெரிய ஆபத்து. லொக்கை ஒழுங்காகச் செய்ய இந்த விலை போதாதென்றால் லொக் இல்லாமல் விற்றிருக்கலாம். அதற்கு நாங்கள் ஒரு குறையும் சொல்லியிருக்கமாட்டோம்.

6 ஆம் கத்தியின் பழுது இதற்கு மறுபக்கம். மூடிய நிலையில் அலகைப் பிடித்துவைப்பது தகட்டில் பதித்திருக்கும் சிறிய உருக்குக் குண்டு. அலகிலுள்ள குழிக்குள் அது விழுந்து நிற்கவேண்டும். இந்தக் கத்தியில் குழி ஆழமில்லை. முனை கீழே பார்க்கப் பிடித்து ஒரு முறை உதறினால் அலகு பாதி வெளியே வருகிறது. சாரத்து மடிப்பில் செருகிக்கொண்டு குனிகிறவரை நினைத்துப் பாருங்கள்.

அடுத்தது உருக்கு. பெட்டியில் 8சீஆர்13எம்ஓவீ, றொக்வெல் அளவுகோலில் கடினம் 57 முதல் 59 என்று இருக்கிறது. இது மலிவுக் கத்திகளில் பெயர்பெற்ற நல்ல உருக்கு. ஏறத்தாழ 0.8 சதவீதம் கரியும் 13 சதவீதம் குரோமியமும் உள்ளது, ஒழுங்காகத் தோய்ச்சல் கொடுத்தால், அதாவது காய்ச்சிக் குளிரவைத்து இறுக்கினால், அந்தக் கடினத்துக்கு வரும். ஆனால் 20 பாகையில் தீட்டிய வாய் (வெட்டும் ஓரம்), வலைக் கயிறு நாற்பது, ஐம்பது தடவை வெட்டியதும் மடிந்துவிடுகிறது. உடையவில்லை, மடிகிறது, நகத்தில் வைத்து இழுத்தால் ஒரு பக்கம் இடறும். கடினம் போதாத உருக்கின் குணம் இது. தொழிற்சாலையில் வேகமாகச் சாணை பிடிக்கும்போது வாயின் ஓரம் மட்டும் சூடேறித் தோய்ச்சல் இறங்குவது உண்டு, அது இரண்டு மூன்று தரம் தீட்டினால் தேய்ந்து போய்விடும். அதனால் மூன்று தரம் தீட்டிய பிறகே இந்தக் குறையைச் சொல்கிறோம். பிறகு 40 இலிருந்து 65 வரை ஐந்தைந்தாகக் கடினம் குறித்த சோதனை அரங்களால், வாயைத் தொடாமல், அச்சாணிக்கு அருகே தீட்டாத இடத்தில் 3, 5 ஆம் கத்திகளைப் பரிசோதித்தோம். 50 வழுக்கியது, 55 கடித்தது. 57 உள்ள உருக்கை 55 அரம் கடிக்காது. பெட்டியில் சொன்னதல்லாத வேறு உருக்கா, அதே உருக்கில் தோய்ச்சல் பிழையா என்று அரம் சொல்லாது. அதை நீங்கள் தயாரிப்பாளரிடம் கேட்டு எங்களுக்கு எழுதவேண்டும்.

2 ஆம் கத்தியில் அலகு பக்கவாட்டில் ஆடுகிறது. அச்சாணித் திருகாணியை எட்டில் ஒரு சுற்று இறுக்கினால் ஆட்டம் நிற்கவேண்டும், பிறகு இடைநிலைப் பிடிப்புள்ள நீலநிறத் திருகாணிப் பசை ஒரு துளி இட்டால் அது கழலாது. இதில் ஆட்டம் நிற்கும் அளவுக்கு இறுக்கினால் அலகு அசையவே மாட்டேன் என்கிறது, அசைய விட்டால் ஆடுகிறது, நடு நிலை ஒன்று இல்லை. அச்சாணியைவிட அலகின் துளை பெரிது என்றே கொள்கிறோம். 5 ஆம் கத்தியை மட்டும் ரி 8 நட்சத்திரத் திருப்பியால் கழற்றிப் பார்த்தோம். பெட்டியில் பொஸ்பர் வெண்கலம் என்று எழுதிய வொஷர் உள்ளே நைலோனாக இருக்கிறது. நைலோனும் வேலை செய்யும், அதைப் பற்றிக் கவலையில்லை. எழுதியது ஒன்று, வைத்தது ஒன்று என்பதுதான் முறைப்பாடு. கழற்றினால் உத்தரவாதம் போகும் என்று நீங்கள் எழுதியிருப்பதால் இந்தக் கத்திக்குப் பணம் கேட்கவில்லை.

கறளைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறோம். 1 ஆம், 2 ஆம் கத்திகளின் அலகில் சிறு புள்ளிகள் இருக்கின்றன. அதற்கு உங்களைக் குறை சொல்லவில்லை. கறள் பிடிக்காத உருக்கு என்பது கறள் பிடிக்கப் பிந்தும் உருக்கு என்றுதான் பொருள். குரோமியம் மேலே போர்த்தும் மெல்லிய படலத்தை உப்பு குத்தித் துளைக்கும், அதுவும் ஈரம் தேங்கும் இடத்தில்தான் தொடங்கும். கடலிலும் களப்பிலும் பாவிக்கிறவர் அன்றன்றே நல்ல தண்ணீரில் கழுவி, விரித்தபடி உலரவிட வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறியது. தானாகக் காயவிட்டால் வெள்ளைப்படை கட்டும், ஆகவே துணியால் துடைத்தே உலர்த்தவேண்டும். மாங்காய்ப் பாலும் புளியும் பட்டால் உடனே கழுவவேண்டும். இதெல்லாம் பாவிப்பவரின் கடமை, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் கத்தியைச் சட்டைப்பையில் மாட்டும் கிளிப்பையும் அதன் மூன்று திருகாணிகளையும் பாருங்கள். அவை மெல்லிய பூச்சுப் பூசிய சாதாரண இரும்பு. அலகைத் துடைத்த அதே துணியால் துடைத்தும், ஆறு கத்தியிலும் மூன்றே கிழமையில் கறுத்துப் பொரிந்துவிட்டன. கடல் சூழ்ந்த நாட்டில் விற்கும் கத்திக்கு இப்படியா திருகாணி போடுவது!

விலையைப் பற்றி நீங்கள் எழுதிய வரிக்கும் ஒரு பதில். மலிவும் பாதுகாப்பும் சேர்ந்து வரமுடியும். பிரான்சின் சவோய் பகுதியில் 1890 இல் தொடங்கிய ஒப்பினெல் கத்தியைப் பாருங்கள். மரப்பிடி, அலகு, ஆணி, இரண்டு உலோக வளையம், ஐந்தே பாகம். 1955 இல் சேர்த்த சுழலும் வளையம்தான் அதன் லொக். பெருவிரலால் திருப்பினால் அலகின் அடியை மறித்து நிற்கும். நுட்பமான சரிவுக் கணக்கு எதுவும் அதில் தேவையில்லை. ஈரத்தில் மரம் ஊதி அலகு இறுகிப்போவது அதன் குறை, அதை வாங்குகிறவருக்கு முன்பே சொல்லலாம். எளிமையாகச் செய்து உள்ளதைச் சொல்லி விற்றால் குறைந்த விலைக் கத்தியும் பல வருடம் உழைக்கும்.

துண்டுப்பிரசுரத்தைத் தமிழிலும் திருத்தி அச்சிடும்படி கேட்கிறோம். லொக் முகத்தில் எண்ணெய் படக்கூடாது என்பது முதல் வரியாக வரட்டும். அச்சாணிக்குத் தையல் மெசின் எண்ணெய், பழமும் உணவும் வெட்டுகிறவர்களுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் திரவப் பரபின் என்று எழுதுங்கள். நல்லெண்ணெய் வேண்டாம், நாள்பட அது பிசுபிசுத்து மணலைப் பிடித்துவைக்கும். தீட்டும் முறையையும் அளவோடு எழுதுங்கள்: உங்கள் அலகின் அகலம் 24 மில்லிமீற்றர், ஆகவே முதுகைக் கல்லிலிருந்து 8 மில்லிமீற்றர் உயர்த்திப் பிடித்தால் ஏறத்தாழ 20 பாகை வரும். மழுங்கியிருந்தால் 400 இலக்கக் கல்லில், மறுபக்கம் நெடுக மெல்லிய பிசிறு தட்டுப்படும்வரை ஒரு பக்கம். பிறகு மற்றப் பக்கமும் அப்படியே. பெருவிரலை முதுகிலிருந்து வாயை நோக்கி வெளியே வழித்தால் பிசிறு தெரியும், வாயின் நீளத்துக்கு விரலை ஓட்டக்கூடாது. 1000 இலக்கக் கல்லில் பக்கம் மாற்றி மாற்றி மெதுவாக இழுத்துப் பிசிறைக் குறைத்து, கடைசியில் பழைய தோல் பட்டியில் முதுகு முன்னே போக இழுத்தால் போதும். வாய் இலேசாகத் தளரும்போதே தோலில் இழுத்துவிட்டால் கல்லுக்குப் போகும் தேவை குறையும்.

நாங்கள் கேட்பவை: 1, 2, 3, 4, 6 ஆம் கத்திகளுக்கான 17,250 ரூபாவைத் திருப்பித் தாருங்கள். மாற்றுக் கத்தி தருவதானால் லொக் எங்கள் முன்னிலையில் சோதிக்கப்பட்டதாக இருக்கவேண்டும். இதே தொகுதியில் விற்பனையாளரிடம் எஞ்சியுள்ளவற்றை, லொக்கைப் பரிசோதிக்கும்வரை விற்கவேண்டாம். ஏற்கெனவே வாங்கினவர்களுக்குக் கடையில் அறிவித்தல் ஒன்று ஒட்டுங்கள். பணத்தைவிட இந்த இரண்டும் எங்களுக்கு அவசரம். உருக்கு, தகடு, வொஷர் மூன்றும் பெட்டியில் எழுதியதற்கு ஏன் மாறாக இருக்கின்றன என்று எழுத்தில் விளக்கம் வேண்டும். கிளிப், அச்சாணி, திருகாணி ஆகியவற்றை உதிரிப்பாகமாக விற்கவும் ஏற்பாடு செய்யுங்கள். ஐம்பது ரூபாத் திருகாணி இல்லாமல் ஒரு கத்தி குப்பைக்குப் போகக்கூடாது.

விவரித்து விற்ற பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்தவேண்டும் என்று 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிட வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதம் உண்டு. அந்தத் தவணை நவம்பர் 9 இல் முடிகிறது. ஆகவே ஒக்டோபர் 31 க்குள் உங்கள் பதில் எங்களுக்குக் கிடைக்கவேண்டும்.

லொக் நிற்காத கத்திகளை அஞ்சலில் அனுப்ப விரும்பவில்லை, பொதியை அவிழ்ப்பவரின் கையைக் கிழிக்கலாம். ஆறையும் இலக்கமிட்டுத் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறோம். உங்கள் பிரதிநிதி ஒருவரை வேணியர் இடுக்கியோடு அனுப்புங்கள். ஞாயிறு தவிர எந்த நாளும் காலை எட்டு மணியிலிருந்து பட்டறை திறந்திருக்கும்.

இப்படிக்கு,
கருவி தீட்டித் திருத்தும் பட்டறையினர்

இணைப்பு: பற்றுச்சீட்டின் பிரதி, பெட்டியின் படம், துண்டுப்பிரசுரத்தின் பிரதி, லொக் நிற்கும் இடத்தைக் காட்டும் ஆறு படங்கள்