மெழுகு பிடித்த கை

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. மகள் பொறியியல் வேண்டாம், மாமல்லபுரம் சிற்பக் கல்லூரிதான் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்பதாக எழுதியிருந்தாய். சும்மா ஒரு பதில் எழுத மனம் வரவில்லை. போன வாரம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். சுவாமிமலை பக்கத்தில்தானே இருக்கிறது, சாமி சிலை வார்க்கும் ஒரு பட்டறையைப் பார்த்துவிட்டு எழுதுவோம் என்று போனேன்.

காலையில் போய் உட்கார்ந்தவன் இருட்டிய பிறகுதான் எழுந்தேன். பெரியவர் ஒருவர் தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் நடராசரின் விரல்களைப் பிடித்துக்கொண்டிருந்தார். சூடான கம்பியால் ஒரு தொடல், ஒரு இழுப்பு, நகம் வந்துவிட்டது. அளவுக்கு அவரிடம் இருந்தது ஒரு தென்னோலைத் துண்டு மட்டும். படிமத்தின் உயரத்துக்கு ஓலையை நறுக்கி மடித்து மடித்துப் பங்கு பிரிக்கிறார்கள். ஒடியோலை என்று பெயர். சிவனுக்கு உத்தம தசதாளம் என்ற அளவு முறை, உயரம் 124 பங்கு, அம்மனுக்கு 120. முகம் இத்தனை, கழுத்து இத்தனை என்று மடிப்பே சொல்லிவிடுகிறது.

அப்புறம் மெழுகின் மேல் காவிரி வண்டல் பூசுகிறார்கள். மாவு போன்ற மண். முதல் பூச்சு நைசாக இருந்தால்தான் நகக்கீறல்கூட உலோகத்தில் பதியும். அது நிழலில் காய்ந்ததும் மேலே மணல் கலந்த மண், கம்பிக்கட்டு. வரட்டி நெருப்பில் மெழுகு உருகி வெளியே ஓட, அது இருந்த இடத்தில் உலோகம் போய் உட்காருகிறது. ஆறியதும் கரு என்கிற அந்த மண் அச்சை உடைத்தாக வேண்டும். ஒரு கருவுக்கு ஒரு படிமம்தான். மண்ணில் ஒரு விரிசல் இருந்தாலும் மாதக்கணக்கான வேலை போச்சு.

இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். “யாரும் சொல்லல. பத்து வயசுல மண்ணு சலிக்க உக்கார வெச்சாங்க” என்றார். மெழுகைத் தொட விட்டதே சில வருடம் கழித்துத்தானாம். இத்தாலியில் 1400 வாக்கில் ஓவியர் சென்னினோ சென்னினி எழுதிவைத்த கணக்கும் இதே மாதிரிதான். பலகையில் வரைந்து பழக ஒரு வருடம், வண்ணம் அரைக்கவும் பசை காய்ச்சவும் ஆறு வருடம், தீட்டிப் பழக இன்னும் ஆறு. அவரே தன் ஆசான் அக்னோலோ கட்டியிடம் 12 வருடம் இருந்தவர்.

ஆனால் அந்தக் காலத்தை நினைத்து ஏங்க என்னால் முடியவில்லை. பட்டறை அந்தந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத்தான் திறந்திருந்தது. உன் மகள் வாசலில்கூட நின்றிருக்க முடியாது. 1957இல் மாமல்லபுரத்தில், பின்னால் இந்தச் சிற்பக் கல்லூரியாக வளர்ந்த பயிற்சி நிலையம் தொடங்கியதை அதனால்தான் நான் பெரிய காரியமாக நினைக்கிறேன். வைத்தியநாத ஸ்தபதி அதன் முதல் தலைவர். அவருக்குப் பின் பொறுப்பேற்ற மகன் கணபதி ஸ்தபதிதான் கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவரை எழுப்பினார். பரம்பரையில் வந்தவர்களே வெளிப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது சின்ன விஷயமா?

தஞ்சைப் பெரிய கோயிலில் நாம் கல்வெட்டு படிக்க முயன்றது நினைவிருக்கிறதா? ராஜராஜன் கொடுத்த செப்புத் திருமேனிகளின் உயரத்தை முழம், விரல், அதற்கும் சிறிய தோரை அளவு வரை வெட்டி வைத்திருக்கிறார்கள். கோயிலைக் கட்டிய குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் பெயரும் இருக்கிறது. அந்தத் திருமேனிகளை வார்த்தவன் பெயரைத்தான் காணோம். அன்று அது எனக்குத் தோன்றவே இல்லை. அந்தப் பெரியவரின் விரல்களைப் பார்த்த பிறகு அடிக்கடி தோன்றுகிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். அனுப்பு. யோசிக்காதே. பட்டப்படிப்பு நான்கு வருடம். கை பழக அது போதாது என்றுதான் எனக்குப் படுகிறது. அதனால் ஒவ்வொரு விடுமுறையிலும் அவளை ஒரு பட்டறையில் கொண்டுபோய் விடு. மண் சலிக்கச் சொன்னால் சலிக்கட்டும். சுவாமிமலைப் பெரியவரிடம் கேட்டுவிட்டேன், வரச் சொன்னார். வருமானம் பற்றி நீ பயப்படுவது நியாயம்தான். அதை நேரில் பேசுவோம், ஆடி முடிந்து வருகிறேன்.

கடிதத்துக்குள் அவர் கொடுத்த ஒடியோலை ஒன்று இருக்கிறது. உன் கைக்கு வருவதற்குள் காய்ந்திருக்கும், விரித்தால் முறிந்துவிடும். மடித்தபடியே அவளிடம் கொடு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்